‘போர்கி அண்ட் பெஸ்’ கேட்கத் தொடங்குபவர்களுக்கு

‘சம்மர்டைம்’ பாட்டை யாரோ ஒருவர் குரலில் கேட்காதவர்கள் குறைவு. பில்லி ஹாலிடே, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், சாம் குக், ஜானிஸ் ஜாப்ளின் என்று பலரும் பாடிவைத்திருக்கிறார்கள். அது ஓர் ஓபராவில், அதாவது பாட்டாலேயே கதை சொல்லும் மேடை நாடகத்தில், வரும் முதல் பாட்டு. ஒரு மீனவரின் மனைவி தன் கைக்குழந்தைக்குப் பாடும் தாலாட்டு. “அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் இருக்கும்வரை உனக்கு ஒன்றும் ஆகாது” என்று அதில் அவள் வாக்குக் கொடுக்கிறாள். கதை முடிவதற்குள் அந்த அப்பாவும் அம்மாவும் புயலில் செத்துப்போகிறார்கள். இது தெரிந்தபின் அந்தப் பாட்டைப் பழையபடி கேட்க முடியாது.

‘போர்கி அண்ட் பெஸ்’ ஓபராவின் பாடல்கள் தனித்தனியே உலகம் சுற்றிவிட்டன. கதைக்குள் வைத்துக் கேட்டவர்கள் அந்த அளவுக்கு இல்லை. எங்கே தொடங்கலாம், எந்தப் பதிவை வாங்கலாம், எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். ஓபரா கேட்டுப் பழக்கமில்லை என்றாலும் பரவாயில்லை. இதற்கு மேற்கத்திய சாஸ்திரிய இசைப் பயிற்சி எதுவும் தேவையில்லை.

முதலில் கொஞ்சம் பின்னணி

டுபோஸ் ஹேவர்ட் தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரத்துக்காரர், வெள்ளையர். அந்த ஊர்க் கறுப்பின மக்களின் வாழ்க்கையை வைத்து 1925-ல் ‘போர்கி’ என்ற நாவலை எழுதினார். அவரும் மனைவி டோரதியும் சேர்ந்து அதை நாடகமாக்க, 1927-ல் அது நியூயார்க்கில் மேடையேறியது. நாவலை 1926-லேயே படித்துவிட்ட இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வின், இதை ஓபராவாக்க வேண்டும் என்று உடனே ஹேவர்டுக்குக் கடிதம் எழுதினார். வேலை தொடங்கியது என்னவோ 1934-ல்தான். உரையாடலும் கதையமைப்பும் ஹேவர்டுடையவை. பாடல் வரிகளை அவரும் ஜார்ஜின் அண்ணன் ஐரா கெர்ஷ்வினும் எழுதினார்கள். ‘சம்மர்டைம்’ ஹேவர்ட் எழுதியது. பைபிளைக் கிண்டல் செய்யும் ‘இட் எய்ன்ட் நெசஸரிலி ஸோ’ ஐரா எழுதியது.

1934 கோடையில் கெர்ஷ்வின் சார்ல்ஸ்டனுக்குப் பக்கத்திலுள்ள ஃபாலி பீச்சில் ஒரு சின்னக் குடிலில் தங்கினார். அந்தக் கடலோரத் தீவுகளில் ‘கல்லா’ (Gullah) என்று அழைக்கப்படும் மக்கள் வாழ்கிறார்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள். தங்களுக்கென்று ஒரு மொழி, தங்களுக்கென்று ஒரு வழிபாட்டு முறை வைத்திருப்பவர்கள். அவர்களுடைய தேவாலயங்களுக்குப் போய், கைதட்டியும் காலால் தாளம் போட்டும் பாடும் கூட்டங்களில் கெர்ஷ்வினும் கலந்துகொண்டார். கேட்ட மெட்டு எதையும் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. இசை முழுவதும் ஒரே நெசவாக இருக்க வேண்டும் என்பதற்காக ஆன்மிகப் பாடல்களையும் நாட்டுப்பாடல்களையும் தானே இயற்றியதாக 1935 அக்டோபரில் ஒரு கட்டுரையில் எழுதினார். இதை நாட்டுப்புற ஓபரா என்று அழைத்ததும் அவர்தான். பழைய நாட்டுப்பாடல்களின் தொகுப்பு என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

1935 செப்டம்பர் 30 அன்று பாஸ்டனில் முதல் காட்சி. அக்டோபர் 10-ல் நியூயார்க் ஆல்வின் தியேட்டர். மொத்தம் 124 காட்சிகள் ஓடியது. ஓர் ஓபராவுக்கு அது பெரிய எண்ணிக்கை, நியூயார்க்கின் வணிக நாடக உலகமான பிராட்வேயின் கணக்கில் தோல்வி. போட்ட பணம் திரும்பவில்லை. 1937 ஜூலையில் கெர்ஷ்வின் 38 வயதில் மூளைக் கட்டியால் இறந்துபோனார். தன் படைப்பின் வெற்றியை அவர் பார்க்கவே இல்லை.

கதையைத் தெரிந்துகொண்டு உட்காருங்கள்

சினிமா போலக் கதையை மறைத்துவைத்து ரசிக்க வேண்டிய விஷயம் இல்லை இது. முன்பே தெரிந்திருந்தால்தான் பாட்டில் மனம் நிற்கும்.

கேட்ஃபிஷ் ரோ என்பது சார்ல்ஸ்டன் துறைமுகத்தை ஒட்டிய ஒரு பழைய மாளிகை. வசதியானவர்கள் காலிசெய்து போனபிறகு, மீனவர்களும் கூலிகளும் குடும்பம் குடும்பமாக ஒரே முற்றத்தைச் சுற்றி வாழும் ஒண்டுக்குடித்தனம். அங்கே போர்கி, கால் ஊனமானவன், ஆட்டு வண்டியில் போய்ப் பிச்சையெடுப்பவன். ஒரு சனிக்கிழமை இரவு சூதாட்டத்தில், கிரௌன் என்ற முரட்டுச் சுமைதூக்கி ராபின்ஸ் என்பவனைக் கொன்றுவிட்டு ஓடிவிடுகிறான். அவனோடு வாழ்ந்துவந்த பெஸ்ஸை ஊரில் யாரும் வீட்டுக்குள் விடுவதில்லை. போர்கி மட்டும் கதவைத் திறக்கிறான். இருவருக்கும் காதல் வளர்கிறது. ஒரு தீவுக்குச் சுற்றுலா போன இடத்தில் பதுங்கியிருந்த கிரௌன் பெஸ்ஸைப் பிடித்துக்கொள்கிறான். பிறகு புயல். மீன்பிடிக்கப் போன ஜேக்கும், அவனைத் தேடி ஓடிய மனைவி கிளாராவும் சாகிறார்கள். பெஸ்ஸைத் தேடி இரவில் வரும் கிரௌனைப் போர்கி கொன்றுவிடுகிறான். போலீஸ் அவனை அழைத்துப்போன சமயத்தில், போதைப்பொடி விற்கும் ஸ்போர்ட்டிங் லைஃப், “அவன் இனி வரமாட்டான்” என்று சொல்லிப் பொடியைக் கையில் திணித்து, பெஸ்ஸை நியூயார்க்குக்குக் கூட்டிப் போய்விடுகிறான். ஒரு வாரத்தில் திரும்பிவந்த போர்கி விஷயத்தைக் கேள்விப்பட்டு, ஆட்டு வண்டியைக் கொண்டுவரச் சொல்லி, நியூயார்க் எந்தத் திசை என்று விசாரித்துக்கொண்டு கிளம்புகிறான். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல்.

இவ்வளவுதான் கதை. மூன்று அங்கங்கள், ஒன்பது காட்சிகள்.

முதல் வேலை: ‘சம்மர்டைம்’ நான்கு இடங்களில்

முழு ஓபராவும் ஏறத்தாழ மூன்று மணி நேரம். முதல் நாளே அதில் இறங்க வேண்டாம். ஒரே பாட்டை, அது கதையில் வரும் நான்கு இடங்களில் மட்டும் கேளுங்கள். இந்த ஒரு பயிற்சியில் கெர்ஷ்வின் என்ன செய்திருக்கிறார் என்பது பிடிபட்டுவிடும்.

முதலாவது, திரை விலகியவுடன். கிளாரா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பாடுகிறாள். மெட்டு பெரும்பாலும் ஐந்து ஸ்வரங்களுக்குள்ளேயே சுற்றிவருகிறது. அடியில் இசைக்குழு தொட்டில் ஆட்டுவதுபோல முன்னும் பின்னும் அசைந்துகொண்டே இருக்கிறது. நன்கு பயிற்சிபெற்ற சோப்ரானோ (பெண்களின் உயர்ந்த குரல்) உச்சத்துக்குப் போய் மெல்லத் தேய்வதைக் கவனியுங்கள். ஜாஸ் பாடகர்கள் கீழ்க்குரலில் பாடிக் கேட்டவர்களுக்கு இந்த உயரம் முதலில் அந்நியமாகத் தோன்றும். இரண்டு தடவை கேட்டால் பழகிவிடும்.

இரண்டாவது முறை, அதே காட்சியில் சூதாட்டத்தின் நடுவே. ஆண்கள் பகடையை உருட்டிக் கத்திக்கொண்டிருக்க, அந்தக் கூச்சலுக்கு மேலே கிளாராவின் குரல் மட்டும் மிதந்து வருகிறது. இன்னும் சில நிமிடங்களில் அங்கே ஒரு கொலை நடக்கப் போகிறது.

மூன்றாவது, இரண்டாம் அங்கத்தின் கடைசியில், புயலுக்குப் பயந்து எல்லாரும் ராபின்ஸின் விதவை செரினாவின் அறையில் அடைந்துகிடக்கும்போது. ஜேக் கடலில் இருக்கிறான். சுற்றிலும் ஜெபம். கிளாரா குழந்தையை அணைத்துக்கொண்டு அதே வரிகளைப் பாடுகிறாள். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியே ஜேக்கின் படகு கவிழ்ந்துகிடப்பதைப் பார்த்து, குழந்தையைப் பெஸ் கையில் கொடுத்துவிட்டு வெளியே ஓடுகிறாள்.

நான்காவது, மூன்றாம் அங்கத்தின் முதல் காட்சி. ஊரே இறந்தவர்களுக்காக அழுது முடித்திருக்கிறது. இப்போது அந்தத் தாலாட்டைப் பாடுவது பெஸ். யாரும் வீட்டுக்குள் விடாத பெண், அநாதையான குழந்தைக்கு அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் இருப்பதாகப் பாடுகிறாள். வரி மாறவில்லை, மெட்டு மாறவில்லை. முதல் மேடையேற்றத்தில் பெஸ்ஸாக நடித்த ஆன் பிரவுன்தான் இந்தப் பாட்டைத் தனக்கும் கொடுக்கும்படி கெர்ஷ்வினிடம் கேட்டு வாங்கியவர். ஜூலியார்ட் இசைப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்த இளம்பெண். கெர்ஷ்வினுக்குத் தானே கடிதம் எழுதி வாய்ப்புக் கேட்டவர். ‘போர்கி’ என்றிருந்த பெயரோடு பெஸ்ஸும் சேர்ந்துகொண்டது, அந்தப் பாத்திரம் ஒத்திகையில் அவரோடு சேர்ந்து வளர்ந்ததால்தான்.

அடுத்து: துக்கவீட்டுக் காட்சி

காதல் பாட்டுகளுக்குப் போகுமுன் முதல் அங்கத்தின் இரண்டாம் காட்சியை முழுதாகக் கேளுங்கள் என்பேன். இந்த ஓபராவின் இதயம் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

கொலையான ராபின்ஸின் உடல் அறையில் கிடக்கிறது. நெஞ்சின்மேல் ஒரு தட்டு. அடக்கச் செலவுக்கு வருகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போடுகிறார்கள். போதுமான பணம் சேரவில்லை என்றால் உடல் மருத்துவ மாணவர்கள் கைக்குப் போய்விடும் என்ற பயம். கோரஸ் ‘கான், கான், கான்’ (போய்விட்டான், போய்விட்டான்) என்று தொடங்கி, தட்டு நிறைய வேண்டும் என்று வேண்டுவதாக வளர்கிறது. அங்கே திடீரென்று ஒரு வெள்ளைக்காரத் துப்பறிவாளர் நுழைகிறார். இசை நின்றுவிடுகிறது. அவர் பாடுவதில்லை, பேசுகிறார். ஓபரா முழுக்கவே இப்படித்தான்: வெள்ளைப் பாத்திரங்களுக்குப் பாட்டு கிடையாது. கேட்ஃபிஷ் ரோவின் மக்கள் மட்டுமே பாடுகிறார்கள். தலையில் இசையைச் சுமந்து வாழும் சமூகத்துக்குள் அதிகாரம் நுழையும்போது ஏற்படும் அந்த வறட்சியைக் காதால் உணர முடியும்.

பிறகு, விதவையான செரினாவின் ‘மை மேன்’ஸ் கான் நவ்’. மெதுவான மூன்று தாளக்கட்டில் போகும் ஒப்பாரி. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் சொல்லில்லாத ஓலம் ஒன்று வழுக்கிக்கொண்டு இறங்கும். கடைசியில் அதே ஓலம் படிப்படியாக மேலே ஏறும். அது முடிந்தவுடன் கைதட்டத் தோன்றும், பதிவை நிறுத்திவிடாதீர்கள். அடக்கம் செய்பவர் வந்து, காசு போதாவிட்டாலும் பரவாயில்லை என்று இரங்குகிறார். அப்போது பெஸ் எழுந்து, மோட்சத்துக்குப் போகும் ரயிலைப் பற்றிய பாட்டைத் தொடங்க, ஊரே அவளோடு சேர்ந்துகொள்கிறது. ஊர் அவளை ஏற்றுக்கொள்கிறது என்று யாரும் வாயால் சொல்வதில்லை. அவள் எடுத்துக்கொடுத்த பாட்டை எல்லாரும் வாங்கிப் பாடுகிறார்கள், அவ்வளவே.

முழுப் பதிவு: எதை எடுப்பது?

இப்போது முழு ஓபராவுக்கு வரலாம். கிடைக்கிற பதிவுகளில் என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன்: சைமன் ரேட்டில் நடத்திய, க்ளைண்ட்போர்ன் ஓபரா விழாக் குழுவின் பதிவு. 1986-ல் இங்கிலாந்தில் ட்ரெவர் நன் இயக்கிய மேடையேற்றத்தின் குழுவே 1988-ல் லண்டன் ஃபில்ஹார்மானிக்குடன் ஸ்டுடியோவில் பதிவு செய்தது. வில்லார்ட் ஒயிட் போர்கி, சிந்தியா ஹேமன் பெஸ். மாதக்கணக்கில் சேர்ந்து நடித்தவர்கள் என்பது ஒவ்வொரு வசனத்திலும் தெரிகிறது. கிளாராவாக ஹாரலின் பிளாக்வெல் பாடும் ‘சம்மர்டைம்’, ஓபரா வடிவத்தில் எனக்கு மிகப் பிடித்தது.

அதற்கு முன் வந்த இரண்டு பதிவுகளும் முக்கியமானவை. லோரின் மாஸெல் கிளீவ்லாண்ட் இசைக்குழுவோடு செய்த பதிவு 1976-ல் வெளியானது. வெட்டில்லாமல் முழு ஓபராவையும் தந்த முதல் பதிவு அது. இசைக்குழுவின் ஒலி மின்னும். நாடகச் சூடு சற்றுக் குறைவு. ஹூஸ்டன் கிராண்ட் ஓபரா அதே 1976-ல் முழு வடிவத்தை மேடையேற்றியது. டானி ரே ஆல்பர்ட், கிளாமா டேல் பாட, ஜான் டிமெய்ன் நடத்திய அந்தப் பதிவில் மேடையின் வேகம் அப்படியே இருக்கிறது. அதுவரை இதைப் பிராட்வே இசைநாடகமாக நினைத்துக்கொண்டிருந்த பலரும் ஓபராவாக ஏற்றுக்கொண்டது ஹூஸ்டன் மேடையேற்றத்துக்குப் பிறகுதான். புதிய ஒலிப்பதிவு வேண்டும் என்றால், நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபராவில் 2019-ல் தொடங்கிய மேடையேற்றத்தின் நேரடிப் பதிவு இருக்கிறது. எரிக் ஓவன்ஸ், ஏஞ்சல் புளூ, செரினாவாக லடோனியா மூர். சிறந்த ஓபரா பதிவுக்கான கிராமி வாங்கியது.

தேடும்போது ஒரு எச்சரிக்கை. ‘போர்கி அண்ட் பெஸ்’ என்று தட்டினால் பத்து விதமான ஆல்பங்கள் வரும். ‘ஹைலைட்ஸ்’, ‘செலக்‌ஷன்ஸ்’ என்றிருந்தால் அது துண்டுகள்தான். ‘கேட்ஃபிஷ் ரோ’ என்ற தலைப்பில் வருவது கெர்ஷ்வினே 1936-ல் கோத்த இசைக்குழுத் தொகுப்பு. ‘சிம்ஃபானிக் பிக்சர்’ என்பது அவர் இறந்தபின் ராபர்ட் ரஸல் பென்னட் செய்தது. இரண்டிலும் பாடகர்கள் கிடையாது. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடினால்தான் முழு ஓபராவுக்குக் கிட்ட வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்று அங்கங்களை மூன்று மாலைகளில் கேளுங்கள். பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொள்வது அவசியம். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கே ஓபரா குரலில் வரிகள் பாதி புரியாது. இதில் தெற்கத்திக் கறுப்பின மக்களின் பேச்சுவழக்கை ஹேவர்ட் தன் காதுக்குக் கேட்டபடி எழுதியிருக்கிறார். எழுத்தைப் பார்த்துத் திகைக்காமல் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், பிடிபட்டுவிடும்.

கேட்கும்போது தவறவிடக் கூடாதவை சில. இரண்டாம் அங்கத்தில் ‘ஐ காட் ப்ளென்டி ஓ நத்தின்’ பாட்டுக்குப் பின்னால் வரும் பாஞ்சோ என்ற தந்திக் கருவி. அதே அங்கத்தின் மூன்றாம் காட்சியில் ஸ்ட்ராபெரி விற்கும் பெண்ணும், தேன்காரரும், நண்டு விற்பவரும் கூவிக்கொண்டு முற்றத்தைக் கடந்துபோவது. சார்ல்ஸ்டன் தெருக்களில் உண்மையிலேயே இருந்த கூவல்களின் சாயல் அது. கிரௌன் ராபின்ஸைக் கொல்லும்போது இசைக்குழுவில் ஒன்றையொன்று துரத்தும் ஃப்யூக் ஒன்று வரும். கிரௌனைப் போர்கி கொல்லும்போது அதே இசை திரும்பி வருவதைப் பிடித்துவிட்டால் உங்கள் காது பழகிவிட்டது என்று அர்த்தம்.

எல்லாவற்றையும்விட, புயல் காட்சியின் ஜெபம். கோரஸ் வாய்மூடி முனகிக்கொண்டிருக்க, ஆறு பேர் ஆறு விதமான ஜெபங்களை ஒரே நேரத்தில், தாளக்கட்டுக்குள் அடங்காமல் பாடுகிறார்கள். வட கரோலினாவில் ஹெண்டர்சன்வில் அருகே ஒரு ஜெபக்கூட்டத்துக்கு ஹேவர்டோடு போன கெர்ஷ்வின், உள்ளே போகாமல் வெளியிலேயே நின்று, பல குரல்கள் தனித்தனியே தொடங்கி ஒன்றாகத் திரள்வதைக் கேட்டிருக்கிறார். இந்தக் காட்சி அங்கிருந்து வந்தது. இதை மட்டுமாவது ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

இனி ஜாஸ் ஆல்பங்கள்

கதைக்குள் வைத்துக் கேட்டபிறகு, வெளியே போன பாட்டுகளைக் கேட்பதில் தனி ருசி இருக்கிறது. இரண்டு ஆல்பங்கள் கட்டாயம்.

ஒன்று, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் சேர்ந்து பாடியது. 1957-ல் லாஸ் ஏஞ்சலஸில் பதிவானது. நார்மன் கிரான்ஸ் தயாரிப்பு, ரஸல் கார்சியா இசைக்குழு அமைப்பு. எல்லாவின் குரல் தெளிந்த நீர். லூயியின் குரலோ கரடுமுரடு. ‘பெஸ், யூ இஸ் மை உமன் நவ்’ பாட்டில் இரண்டும் சேரும்போது, ஓபராப் பாடகர்கள் தர முடியாத ஒரு நெருக்கம் வருகிறது. பாத்திரங்களைப் பிரித்துக்கொள்ளாமல், பெண்கள் பாட்டு பெரும்பாலும் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு, ஆண்கள் பாட்டு பெரும்பாலும் லூயிக்கு. கதையை எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டாவது, டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸும் இசைக்குழு அமைப்பாளர் கில் எவன்ஸும் செய்தது. 1958 ஜூலை, ஆகஸ்டில் நியூயார்க்கில் பதிவாகி அடுத்த ஆண்டு வெளியானது. ஒரு சொல் பாட்டு இல்லை. பாத்திரங்கள் எல்லார் குரலையும் மைல்ஸின் டிரம்பெட்டும் ஃப்ளூகல்ஹார்னுமே ஏற்கின்றன. மேலே சொன்ன புயல் ஜெபத்தைக் கேட்டுவிட்டு இதில் ‘ப்ரேயர்’ ட்ராக்கைக் கேளுங்கள். டிரம்பெட் ஒற்றை ஆளாய் மன்றாட, பின்னால் பித்தளைக் கருவிகள் கூட்டமாய் எழும்புகின்றன. ‘ஐ லவ்ஸ் யூ, போர்கி’ பாட்டுக்கு கில் தனக்கு கார்டுகளே (chords, சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்கள்) எழுதித் தரவில்லை, ஒரு ஸ்கேல் (ஸ்வர வரிசை) மட்டும்தான் தந்தார் என்று மைல்ஸ் சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டு அவர் ‘கைண்ட் ஆஃப் புளூ’ ஆல்பத்தில் போன பாதை இங்கேயே தொடங்கிவிட்டது. ‘கான்’ என்ற ட்ராக் மட்டும் கெர்ஷ்வினுடையது அல்ல, கில் எவன்ஸ் சொந்தமாக எழுதிச் சேர்த்தது. ஓபராவில் அதைத் தேடி அலைய வேண்டாம்.

தனிப் பாட்டுகளில் ஒரு சின்னப் பட்டியல் போதும். பில்லி ஹாலிடேயின் 1936 ‘சம்மர்டைம்’: ஓபரா மூடி ஒரு வருடம்கூட ஆகாத காலத்தில் ஆர்ட்டி ஷாவின் கிளாரினெட்டும் பன்னி பெரிகனின் டிரம்பெட்டும் சூழப் பாடியது, இந்தப் பாட்டு மேடையை விட்டு வெளியே வந்த முதல் அடிகளில் ஒன்று. நீனா சிமோனின் ‘ஐ லவ்ஸ் யூ, போர்கி’ 1959-ல் பிரபலமாகி அவரை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. அதே பாட்டை 1961-ல் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் ஜாஸ் கிளப்பில் பில் எவன்ஸ் பியானோவில் வாசித்தார். மஹாலியா ஜாக்சன் 1956-ல் ‘சம்மர்டைம்’ பாட்டையும் ‘சம்டைம்ஸ் ஐ ஃபீல் லைக் எ மதர்லெஸ் சைல்ட்’ என்ற பழைய ஆன்மிகப் பாடலையும் ஒன்றாகக் கோத்துப் பாடினார். இரண்டு மெட்டுகளும் எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்பதை அவர் விளக்கவில்லை, பாடியே காட்டிவிட்டார். தாயில்லாப் பிள்ளையின் பாட்டு அது. கிளாராவின் குழந்தைக்கு என்ன ஆகிறது என்று தெரிந்தவர்களுக்கு அந்த இணைப்பு சுருக்கென்று தைக்கும்.

பழைய இசைத்தட்டுகள்

ஆர்வம் பிடித்துக்கொண்டவர்களுக்கு மட்டும். ஓபரா திறந்த சில நாட்களிலேயே, 1935 அக்டோபரில் ஆர்சிஏ விக்டர் தட்டுகள் வெளியிடப் பதிவு நடந்தது. கெர்ஷ்வின் மேற்பார்வை. பாடியவர்களோ மேடையில் இருந்த கறுப்பினக் கலைஞர்கள் அல்ல, மெட்ரோபாலிடன் ஓபராவின் வெள்ளைப் பாடகர்களான லாரன்ஸ் டிபெட்டும் ஹெலன் ஜெப்சனும். நடித்துப் பாடியவர்கள் பக்கத்திலேயே இருந்தும் தட்டில் பெயர் வேறொருவருக்கு. முதல் போர்கியான டாட் டங்கனும் ஆன் பிரவுனும் டெக்கா நிறுவனத்துக்குப் பாட 1940 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்தத் தட்டுகளில் ‘சம்மர்டைம்’ உட்பட மற்ற பாத்திரங்களின் பாட்டையும் ஆன் பிரவுனே பாடுகிறார். இதற்கெல்லாம் முன்னதாக, 1935 ஜூலை 19-ல் கெர்ஷ்வினே நடத்திய ஒத்திகைப் பதிவு ஒன்றும் பிழைத்திருக்கிறது. ஒலி கரகரக்கும். ஆனால் முதல் கிளாராவான ஆபி மிச்சலையும், முதல் செரினாவான ரூபி எல்ஸியையும் அதில் கேட்கலாம். எல்ஸி 1943-ல் 35 வயதில் அறுவைசிகிச்சைக்குப் பின் இறந்துபோனவர். அவர் ஓலம் அந்தக் கரகரப்பைத் தாண்டி வருகிறது.

எதிர்ப்பையும் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு தடவை முழுதாகக் கேட்டபின் இதைப் படிப்பது நல்லது. கறுப்பின மக்களின் வாழ்க்கையை எழுதியவர், இசையமைத்தவர், வரி எழுதியவர், இயக்கியவர் எல்லாருமே வெளியாட்கள். பிச்சைக்காரன், சூதாடி, கொலைகாரன், போதைக்கு அடிமையான பெண்: இவர்கள்தான் எங்கள் பிரதிநிதிகளா என்ற கேள்வி 1935-லேயே எழுந்துவிட்டது. கறுப்பின ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டன் அப்போதே குறை சொன்னார். 1959-ல் வந்த ஆட்டோ ப்ரெமிஞ்சர் படத்தில் நடிக்கக் கறுப்பின நடிகர் ஹாரி பெலஃபான்டே மறுத்துவிட்டார். சிட்னி பாய்ட்டியர் தயக்கத்தோடுதான் போர்கியாக நடித்தார். அவருக்குப் பாட்டுக் குரல் கொடுத்தவர் ராபர்ட் மெக்ஃபெரின். வசனத்திலிருந்த இழிசொற்களை ஐரா கெர்ஷ்வினே 1950-களில் நீக்கினார்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1935-ல் மெட்ரோபாலிடன் ஓபரா மேடையில் ஒரு கறுப்பினப் பாடகருக்கும் இடமில்லை. கறுப்பினப் பாடகி மேரியன் ஆண்டர்சன் அங்கே பாட 1955 ஆக வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் சாஸ்திரியப் பயிற்சிபெற்ற கறுப்பினக் கலைஞர்கள் மேடை நிறைய நிற்க இருந்த மிகச் சில வழிகளில் இதுவும் ஒன்று. 1952-ல் உலகச் சுற்றுப்பயணம் கிளம்பிய குழுவில் பெஸ்ஸாகப் பாடிய லியான்டின் பிரைஸ் 1961-ல் மெட்ரோபாலிடனின் நாயகியானார். ஆங்கிலத்தில் மேடையேற்றினால் கறுப்பினப் பாடகர்களே நடிக்க வேண்டும் என்ற கெர்ஷ்வின் குடும்பத்தின் நிபந்தனை இன்றும் இருக்கிறது. அந்த நிபந்தனை பல பாடகர்களை இந்த ஒரே ஓபராவுக்குள் அடைத்துவைத்தது என்ற வருத்தமும் அவர்களிடையே உண்டு. இரண்டுமே உண்மை.

1936 மார்ச்சில் வாஷிங்டனின் நேஷனல் தியேட்டரில் நடந்ததை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. கறுப்பின மக்களை உள்ளே விடாத அரங்கம் அது. டாட் டங்கன் வாஷிங்டனிலேயே ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். தன் மக்கள் வந்து உட்கார முடியாத அரங்கில் பாடமாட்டேன் என்று அவரும் ஆன் பிரவுனும் மற்றவர்களும் உறுதியாக நின்றார்கள். கறுப்பினத்தவர்களுக்கு மட்டும் தனிக்காட்சி, பால்கனியில் இடம் என்றெல்லாம் பேரம் பேசிப் பார்த்தும் அவர்கள் இறங்கிவரவில்லை. கடைசியில் எல்லாரும் எங்கேயும் உட்காரலாம் என்று நிர்வாகம் ஒப்புக்கொண்டது. கதை நடக்கும் சார்ல்ஸ்டன் நகரமோ, இனப்பிரிவினைச் சட்டங்களால், இந்த ஓபராவைத் தன் மண்ணில் பார்க்க 1970 வரை ஆயிற்று.

பார்க்க விரும்பினால்

ட்ரெவர் நன் தன் மேடையேற்றத்தை 1993-ல் ஸ்டுடியோவில் படமாக்கினார். ஒலி ரேட்டிலின் 1988 பதிவேதான். அதையே கேட்டுப் பழகியிருந்தால் முகங்களும் முற்றமும் கிடைக்கும். இதில் போர்கிக்கு ஆட்டு வண்டி கிடையாது, ஊன்றுகோல்கள். டிவிடியில் கிடைக்கிறது. மெட்ரோபாலிடன் மேடையேற்றத்தின் காணொளி அவர்களுடைய சந்தா சேவையில் இருக்கிறது. 1959 படம் முழுமையாக, நல்ல பிரதியாகக் கிடைப்பது அரிது. இணையத்தில் உலவும் மங்கலான நகல்களை வைத்து அதை எடைபோட வேண்டாம். 2012-ல் ஆட்ரா மெக்டொனால்ட் நடித்த பிராட்வே வடிவம் டோனி விருது பெற்றது. அதன் ஆல்பத்தில் நடிப்பு அபாரம், ஆனால் ஓபராவைச் சுருக்கி இசைநாடகமாக மாற்றியது என்பதால் முழு வடிவத்தைக் கேட்டபின் எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரம் ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது என்றால் ரேட்டில் பதிவில் முதல் அங்கம் மட்டும். அதில் தாலாட்டு, சூதாட்டம், கொலை, துக்கவீடு எல்லாம் வந்துவிடும். இரண்டாம் அங்கத்தை நீங்களே தேடிப் போவீர்கள்.